மைப்போத்தல்களில் உள்ளித்தாள்

அன்று வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பதினோராவது போத்தலின் தண்ணீரை மாற்றிவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். இன்னும் பதினைந்து போத்தல்தான், ஆறரைக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் பின்னால் பாயில் படுத்திருந்த மகள், "அம்மா, பாய் நனைஞ்சு போச்சு" என்றாள்.

கூரை ஒழுகுகிறது என்றுதான் எண்ணினேன். மார்கழி மாதம், நான்கு நாளாக விடாத மழை, எந்த வீட்டில்தான் ஒழுகவில்லை?

"அங்கால தள்ளிப் படு மகள். சட்டி ஒண்டு கொண்டுவந்து வைக்கிறன்" என்று திரும்பிப் பாராமலே சொன்னேன்.

"மேலால இல்லம்மா" என்றாள்.

கையில் இருந்த போத்தலோடு திரும்பினேன். பிள்ளைப் பேற்றுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. மருத்துவிச்சிக்குச் சொல்லி வைத்த நாளும் அதுதான். மருத்துவிச்சி இருப்பது வாவிக்கு அப்பால், எழுவான்கரையில். நாங்கள் இருப்பது இந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கொஞ்சம் தள்ளி. இரண்டுக்கும் நடுவில் நான்கு நாள் மழையை விழுங்கிய வாவி கிடந்தது.

அந்தப் போத்தல்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் அதற்குப் பிறகு நடந்தது எதுவும் விளங்காது.

உலக யுத்தம் தொடங்கிக் கப்பல்கள் நினைத்த நேரத்துக்கு வராமல் போன காலம் அது. எங்களுடையது வயல் ஊர், நெல்லுக்குக் குறையில்லை. மீனுக்கு வாவி இருந்தது. இல்லாமல் போனவை இந்தியாவிலிருந்து வரும் சரக்குகள். மல்லி குறைந்தது, சீரகம் குறைந்தது, கடைசியில் உள்ளி இல்லாமலே போயிற்று. வெள்ளைப்பூண்டு என்று மற்ற இடங்களில் சொல்வதைத்தான் நாங்கள் உள்ளி என்கிறோம். மற்றது எதுவும் இல்லாமல் கறி வைக்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு உள்ளி இல்லாமல் சரக்குக் கறி வைப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் நினைத்தும் பார்க்கமாட்டார்கள். மிளகும் மஞ்சளும் உள்ளியும் அம்மியில் அரைத்து, முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது பேற்றுத் தீட்டு, கழியும் வரை அவள் சோற்றோடு போக வேண்டும்.

என் தங்கை முதற்பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள் இறந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் தொடங்கிச் சன்னியில் முடிந்தது. அந்த வீட்டில் அந்த நேரம் உள்ளி தீர்ந்து போயிருந்தது. செத்த வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும், எல்லாரும் அதைச் சொன்னார்கள். நான் மிஷன் பெண்கள் பாடசாலை விடுதியில் தங்கிப் படித்தவள். கலியாணத்துக்கு முன் நான்கு வருடம் படிப்பித்தவள். என் தங்கையைக் கொன்றது உள்ளிக் குறைவல்ல, கொடி அறுத்த அழுக்குக் கத்தி என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அப்போது ஏழு வயதாயிருந்த என் மகள் அந்தப் பெண்கள் நடுவில் என் மடியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் பிள்ளை உண்டாகி முழுகாமல் இருப்பது உறுதியான அன்று அவள் என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "உள்ளி இருக்காம்மா?"

இரண்டு பூண்டு இருந்தது. மாதத்துக்கொரு தரம் தோணியில் சீலையும் சரக்கும் கொண்டுவரும் காத்தான்குடி வியாபாரி ஒருவரை நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன். மடியிலிருந்து மூன்று பூண்டை எடுத்துக் கடுதாசியில் சுற்றித் தந்தார்.

"என்ன காக்கா, இவ்வளவுதானா?"

"வாத்தியாரம்மா, இந்த மூணும் எண்ட ஊட்டுக்கெண்டு ஒளிச்சி வெச்ச பூடு. பொஞ்சாதி அறிஞ்சா என்னத் தோணியோட கவுத்துப் போடுவா. புள்ளப் பெறுற புள்ளைக்கெண்டு கேட்டதால தாறன். மறுகா கப்பல் வந்தாத்தான். கப்பல நான் காணல்ல. நீங்க கண்டா எனக்கும் ஒரு சொல்லு சொல்லியனுப்புங்க."

ஐந்து பூண்டையும் உடைத்துப் பார்த்தால் நாற்பத்தொரு பல். அதில் நாலைந்து பல் ஒரு நாளைக்கு. கணக்குப் போட்டால் ஒன்பது நாளுக்கு வரும். ஒன்பது என்ற எண்ணைக் கண்டதும் சிலேற்றைக் கவிழ்த்து வைத்தேன்.

ஈரக் காற்றில் அந்தப் பல்லுகள் தாமாகவே முளைவிடத் தொடங்கின. நுனியில் வெளிறிய பச்சை. அதைப் பார்த்ததும் எனக்கு மிஷன் பாடசாலை நினைவு வந்தது. ஒற்றுத்தாளை நனைத்துப் போஞ்சி விதையை முளைக்க வைப்போம், போத்தல் வாயில் வெங்காயத்தை இருத்தி வேர் இறங்குவதைப் படம் கீறுவோம். ஒரு பல்லைக் கறியில் போட்டால் அன்றோடு சரி. அதே பல்லைத் தண்ணீரில் இருத்தினால் வெங்காயத்தாள் போலப் பச்சைத் தாள் வரும். அறுத்தால் மறுபடி வரும். மூன்று அறுப்பு வந்தாலும் மாதம் ஓடிவிடும். முற்றத்தில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும் மாரியில் மண்ணை எங்கே தேடுவது? மண்ணே வேண்டாம் என்பதுதான் இதிலுள்ள கெட்டித்தனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

என் கணவர் ஊர்ப் பாடசாலைத் தலைமை வாத்தியார். ஒன்றையும் எறியாதவர். வெறும் மைப்போத்தல்கள் கட்டிலின் கீழ் வருடக் கணக்காகக் கிடந்தன. மைப்போத்தல் வாய் ஓர் உள்ளிப் பல்லுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. பல்லின் அடி மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும், முழுதும் அமிழ்ந்தால் அழுகும். கெட்டியான இருபத்தாறு பல்லைத் தெரிந்தெடுத்து இருபத்தாறு போத்தலில் இருத்தினேன். மூன்றாம் நாள் வேர் வந்தது, நீலமாக. நன்றாகக் கழுவினேன் என்று நினைத்த போத்தல்களின் மூலையில் மை காய்ந்து கிடந்திருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துத் திரும்பவும் சாம்பல் போட்டுக் கழுவினேன். பிறகு, சத்தாக வளரட்டும் என்று அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். இரண்டு நாளில் வீடு நாறியது. அதற்குப் பிறகு மழைத்தண்ணீர் மட்டும்தான், ஒவ்வொரு நாளும் விடிகிற வெள்ளாப்பில் மாற்றியாக வேண்டும். ஒரு நாள் தவறினால் பல் வழுவழுத்துவிடும்.

என் கணவர் காலையில் அறை வாசலில் நின்று, வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல, இடாப்புக் கூப்பிடுவார்.

"முதலாம் போத்தில்?"

"வந்திருக்கு ஐயா" என்று மகள் பாயில் கிடந்தபடி சொல்வாள்.

"ஒன்பதாம் போத்தில்?"

"சுகமில்ல ஐயா. அம்மா கடிதம் தந்தவ."

இருவரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் மிச்சம் பதினைந்து பல்லையும் அடுப்புக்கு மேல் புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். கார்த்திகை முடிவதற்குள் அவை கறுத்துப் பூஞ்சணம் பிடித்து, கையில் எடுத்தால் தூளாகப் போயின. வீட்டில் உள்ளி என்று இருந்ததெல்லாம் இனி அந்த இருபத்தாறு போத்தல்கள்தான். தாள்கள் சாண் உயரம் வந்திருந்தன. நன்றாகத்தான் வந்திருந்தன.

அவை மகளின் அறையில் இருந்தன. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணமானால் வீடு அவளுக்கு. தாயும் தகப்பனும் அதே வளவுக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்கிவிடுவோம். எங்கள் சின்ன வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் நனையாமல் காப்பாற்றிய நெல் மூட்டைகளை முகடு வரை அடுக்கியிருந்தோம். மற்றதில் கிழக்கு யன்னல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, மகள் படுத்தாள், போத்தல்களும் நின்றன. மருமகன் திருகோணமலையில் வேலை, லீவு கிடைக்கவில்லை. நெல் மூட்டை அறையை ஒழுங்குபண்ணி அதைப் பேற்றறை ஆக்குவதாகத் திட்டம். பதினெட்டு நாள் இருக்கிறதே என்று விட்டிருந்தேன்.

கணவரைக் கூப்பிட்டேன். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே மருத்துவிச்சியைக் கூட்டிவரப் புறப்பட்டார். மண்முனைத் துறையில் ஓடம் ஓடாது, தோணி பிடித்துத்தான் போக வேண்டும். புறப்பட்டவர் திரும்பி வந்து குடையைத் தேடினார். வெள்ளத்துக்குள் தோணியில் போகிறவருக்குக் குடை! கதவுக்குப் பின்னால், பெட்டிக்கு மேலே, நெல் மூட்டை இடுக்கில் என்று தேடினார்.

"குடை என்னத்துக்கு? போங்க!"

"மருத்துவிச்சி நனையப்படாதுதானே" என்றார்.

குடையோடுதான் போனார்.

நான் திரும்பியதும் செய்த முதற் காரியம், போத்தல்களை அறையிலிருந்து வெளியே எடுக்கத் தொடங்கியதுதான். பிள்ளை பிறந்தால் அறை துடக்கறை. துடக்கறையில் இருந்த பொருள் முப்பத்தொரு நாளுக்கு வெளியே வராது. அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கவே கூடாது. கையில் நான்கு போத்தலோடு வாசலுக்கு வந்தேன். வாசலில் மச்சாள் நின்றார்.

இவர் என் கணவரின் தமக்கை. அவருடைய அடுக்களைக்குள் வெள்ளம் புகுந்ததால் மூன்று நாளாக எங்கள் மண்டபத்தில் படுத்து எங்கள் அடுக்களையில் சமைத்துக்கொண்டிருந்தார். அதிலும் பிள்ளையார் கதை விரதம். இருபத்தொரு நாள் ஒரு நேரச் சோறு, தீட்டுப் பட்ட எதையும் தொடமாட்டார்.

"எங்க கொண்டுபோறாய்?"

"அடுக்களைக்கு, மச்சாள்."

"குடம் உடைஞ்சிட்டுதோ?"

"ஓம்."

"அப்ப வை உள்ள."

"பிள்ளை பிறந்தாத்தானே துடக்கு? இன்னும் பிறக்கல்லயே!"

"குடம் உடைஞ்சாத் துடக்கு. எங்கட அம்மா அப்பிடித்தான் சொன்னவ."

"எங்கட அம்மா பிறந்தாத்தானெண்டு சொன்னவ!"

"உங்கட தாய்க்குடி வழக்கத்த உங்கட அடுக்களையில வைச்சுக்கொள்ளுகா. நான் விரதக்காறி, நான் சமைக்கிற அடுப்படிக்கு அது வரப்படாது."

"மச்சாள், அது என்ட அடுக்களைதானே!"

"உன்ட மகள்ட அடுக்களை" என்றார் மச்சாள். உண்மை, வீடு மகளுடையதுதான்.

எவ்வளவு நேரம் இப்படி நின்றோமோ தெரியாது. துடக்கு எந்த நொடியில் தொடங்குகிறது என்று இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள் வாசற்படியின் இரு பக்கமும் நின்று வழக்காடினோம். என் கையில் போத்தல்களிலிருந்து தண்ணீர் சிந்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து மகள், "அம்மா, உள்ளிய விட்டுட்டு என்னைப் பாருங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். போத்தல்களைத் திரும்ப யன்னலடியில் வைத்தேன். அப்படி வழக்காடி நின்றதற்கு இன்றும் எனக்கு வெட்கம்.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு ஒழுங்காக நினைவில்லை. சில துண்டுகள் மட்டும் இருக்கின்றன. மச்சாள் விரதம் என்று படியைத் தாண்டவில்லை. ஆனால் போகவும் இல்லை. அறைக்குப் புறம் காட்டி வாசலில் குந்தியிருந்து கட்டளையிட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து பிள்ளை பெற்றவர். நான் பெற்றது ஒன்று. அதுவும் மயக்கத்தில்.

"தலை தெரியுதா?"

"தெரியல்ல, மச்சாள்."

"பாருகா! கண்ண மூடிக்கொண்டு தெரியல்லயெண்டாதே!"

உண்மையில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கத்தரிக்கோலையும் நூலையும் கொதிதண்ணீரில் போட்டு வேகவைத்துத் தரச் சொன்னேன். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் தங்கை நினைவு. மச்சாள் முணுமுணுத்தபடி வேகவைத்துச் சட்டியோடு படியில் தள்ளினார். "கத்தரிக்கோல் அவிச்சுத் தின்னிற சாதி" என்றார். நண்பகல் கடந்து சிறிது நேரத்தில் பிள்ளை என் கையில் வழுக்கிக்கொண்டு வந்தது. அது அழும் வரை நான் மூச்சு விடவில்லை. ரெண்டு இடத்தில கட்டு, நடுவால வெட்டு, கை நடுங்கினா இறுக்கிப் பிடி என்று மச்சாள் வெளியே கத்திக்கொண்டிருந்தார். வெட்டினேன்.

"என்ன பிள்ளை? சொல்லுகா!"

"பொம்பிளைப் பிள்ளை, மச்சாள்."

எட்டிப் பார்த்தேன். மச்சாள் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லது. வீடு வெறுமையாகாது" என்றார். பிறகு உடனே, "நீயும் இனி வெளிய வராத. பிள்ளை எடுத்தவள் நீதான், உனக்கும் துடக்கு" என்றார்.

அப்போதுதான் நான் மாட்டிக்கொண்டது எனக்கு விளங்கிற்று. நானும் மகளும் பிள்ளையும் இருபத்தாறு போத்தல் உள்ளித்தாளும் அறைக்குள். அடுப்பும் அம்மியும் மிளகும் மஞ்சளும் மச்சாளும் வெளியே. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரலாம், உள்ளேயிருந்து எதுவும் வெளியே போக முடியாது. பாத்திரம் திரும்ப வேண்டியிராதபடி சோற்றை வாழையிலையில் வைத்துப் படியில் தள்ளுவார்.

முதல் இலை வந்தது. சரக்குக் கறி, மஞ்சளும் மிளகும் நிறையப் போட்டது. மகள் ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இலையைத் தள்ளினாள்.

"உள்ளி இல்ல."

"ஓம் மகள். இண்டைக்கு இல்ல. தின்னு."

"சின்னம்மாவுக்கும் இல்லத்தான."

நான் படித்த பாடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கத்தரிக்கோலை அவித்ததைச் சொன்னேன். அழுக்கில்தான் நோய் வரும், உள்ளியில் இல்லை என்றேன். அவள் கேட்டுவிட்டு, "அப்ப நீங்க ஏன் ரெண்டு மாசமா இந்தப் போத்திலுக்கெல்லாம் தண்ணி மாத்தினீங்க?" என்றாள்.

நல்ல கேள்வி. பதில் வாசலிலிருந்து, மச்சாளிடமிருந்து வந்தது.

"தின்னு பிள்ளை. உள்ளி வேணுமெண்டால் பக்கத்திலதான் கிடக்கு. உன்ட அம்மாட தோட்டம்."

பச்சையாக நறுக்கிச் சோற்றின் மேல் தூவிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். மகளும் மச்சாளும் ஒரே குரலில் கூடாது என்றார்கள். பிள்ளை பெற்றவள் பச்சையாக ஒன்றும் தின்னப்படாது, குளிர் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு விடயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

வெள்ளிக்கிழமை முழுவதும் நான் வழி தேடினேன். உள்ளிருந்து போகும் பொருளைத் தண்ணீரில் அலசினால் சுத்தமாகிவிடாதா? தண்ணீர்தானே எல்லாத் தீட்டையும் கழிக்கிறது? யன்னலுக்கு வெளியே நிறைந்த வெள்ளம். தாளை அறுத்து யன்னலால் வெள்ளத்தில் போடுகிறேன், நீங்கள் அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மச்சாள் சிறிது யோசித்தார். யோசித்ததே எனக்குப் பெரிய வெற்றியாகப் பட்டது.

"ஆத்து வெள்ளமெண்டாச் சரி" என்றார் கடைசியில். "இது எங்கயால வாற வெள்ளம்?"

"மழை வெள்ளம்தான, மச்சாள்."

"மாட்டுப்பட்டியால வாற வெள்ளம். நேற்றுச் சாணகம் மிதந்துபோனதக் கண்டனான்."

"கொஞ்சம் தள்ளி வாவிப் பக்கமா ஓடுற தண்ணியில விழுந்தா?"

"அங்க எட்டுமெண்டால் எறி பாப்பம்."

எறிந்தேன். இரண்டு போத்தலின் தாளை அறுத்து வாழைநாரில் கட்டி, யன்னற் கம்பிக்கு இடையால் என்னால் முடிந்த தூரம் எறிந்தேன். சரியாக ஓடும் தண்ணீரில்தான் விழுந்தது. மச்சாள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முற்றத்தில் இறங்குவதற்குள் அது ஒரு சுற்றுச் சுற்றி, வேலிக்குக் கீழால் நுழைந்து வாவியை நோக்கிப் போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று மச்சாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்தான்குடிக்குப் போகுது" என்றார். "காக்காட பொஞ்சாதி எடுத்துக்கொள்ளுவா."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு, சிரிக்க வலித்தது. வலியில் அழுதாள். நானும் அழுதேன். இன்னும் இருபத்துநான்கு போத்தலில் தாள் நின்றது. தண்ணீர் மாற்றவில்லை, கலங்கத் தொடங்கியிருந்தது.

அன்று பின்னேரமும் அவள் வெறும் கஞ்சி இரண்டு மிடறுதான் குடித்தாள். கணவர் திரும்பி வரவில்லை. தோணி கவிழ்ந்துவிட்டதோ என்ற நினைப்பு ஒரு பக்கம். அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மகளின் நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

என் கையில்தான் குளிர் என்று நினைத்து மடிக்குள் வைத்துச் சூடாக்கித் திரும்பத் தொட்டேன். சுட்டது. மூன்றாம் நாள். என் தங்கைக்கும் மூன்றாம் நாள்தான் தொடங்கியது. அந்த நேரத்தில் எனக்குப் படிப்பென்று ஒன்றும் இருக்கவில்லை. கத்தரிக்கோலை எவ்வளவு நேரம் அவித்தார் மச்சாள்? கொதித்ததா, சும்மா சூடாக்கினாரா? நூலைத் தரும்போது விரல் பட்டதா? நான் கையை எத்தனை தரம் கழுவினேன்? இப்படி ஒரு பக்கம். மறுபக்கம், உள்ளி, உள்ளி, உள்ளி. செத்த வீட்டில் பேசிய பெண்களின் குரல் ஒவ்வொன்றாகக் காதில் கேட்டது. படித்தவள் நான் இரண்டு பயத்தையும் சேர்த்துப் பயந்தேன். படியாதவளுக்கு ஒன்றுதான் இருந்திருக்கும்.

"மச்சாள்" என்று கூப்பிட்டேன். "மகளுக்குக் காய்ச்சல்."

மச்சாள் ஓடிவந்தார். படியில் வந்து நின்றார். ஒரு காலைத் தூக்கினார். பதினேழு நாள் விரதம் அந்தக் காலில் தொங்கிற்று. தூக்கிய கால் கீழே இறங்குவதற்குள் முற்றத்தில் ஆள் நடக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

முன்னால் என் கணவர், மார்பு வரை சேறு, கையில் குடை இல்லை. பின்னால் மருத்துவிச்சி. என்னிலும் பத்து வயது இளையவள், உயரமான பெண், சீலையை முழங்காலுக்கு மேல் செருகி, பையைத் தலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். வியாழன் மதியமே புறப்பட்டிருக்கிறார்கள். நீரோட்டம் தோணியை இழுத்து எங்கேயோ கரையோரக் கண்ணாப் புதர்ப் பற்றைக்குள் சொருகிவிட்டது. அங்கே மீன்பிடிக்காரர் தங்கும் ஒரு வாடியில் இரண்டு நாள். இதைக் கணவர் சொல்லத் தொடங்கினார். மருத்துவிச்சி கேட்க நிற்காமல் நேரே அறைக்குள் வந்தாள்.

பையை வைத்தாள். கையைக் கழுவினாள். மகளின் நெற்றியைத் தொட்டாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், துணியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிள்ளையின் தொப்புளை நெடுநேரம் பார்த்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். பிறகு மகளின் மார்பைத் தொட்டாள். மகள் அம்மா என்று கத்தினாள்.

"பால் கட்டியிருக்கு" என்றாள் மருத்துவிச்சி. "கல்லுப் போலக் கிடக்கு. அதுதான் இந்தச் சூடு. சன்னியுமில்ல, ஒண்டுமில்ல. வயிறு நல்லாக் கிடக்கு. கொடி ஆர் வெட்டினது?"

"நான்" என்றேன்.

"கோணலா வெட்டியிருக்கிறயள் அக்கா. ஆனாச் சுத்தமா வெட்டியிருக்கிறயள்."

நான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அவள் பிள்ளையை எடுத்து மார்பில் பிடித்துக் கொடுத்தாள். அப்போதுதான் மூலையில் கிடந்த வாழையிலைகளைக் கண்டாள். தொடாத சோறு, காய்ந்த கறி. "ஏன் தின்னல்ல?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். மகள் உள்ளி இல்லை என்றாள். நான் உள்ளி இருக்கிறது என்றேன். இருந்தாலும் வெளியே வரப்படாது என்றார் மச்சாள் படியிலிருந்து. மருத்துவிச்சி எங்கள் மூவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யன்னலடிக்குப் போய்ப் போத்தல்களைக் குனிந்து பார்த்தாள். ஒரு தாளைக் கிள்ளி முகர்ந்தாள்.

"மைப்போத்திலிலயா?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"மண் இல்லாமலா?"

"ஓம்."

பிறகு வாசற் பக்கம் திரும்பினாள்.

"பெரியக்கா, தணல் உள்ள வரலாமா?"

"வரலாம்" என்றார் மச்சாள்.

"சட்டி?"

"வரலாம். ஆனால் திரும்பக் கேக்கமாட்டன்."

"மிளகும் மஞ்சளும் அரைச்சு ஒரு சிரட்டையில?"

"வரலாம்தான்" என்றார் மச்சாள். சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். இரண்டு நாள். முழுதாக இரண்டு நாள். உள்ளியை அடுப்புக்குக் கொண்டுபோவது எப்படி என்றே இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

மருத்துவிச்சி ஈரச் சீலையைப் பிழிந்து, பிள்ளை பாலை இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விழுங்கும் சத்தம் வரத் தொடங்கியதும் பாயின் ஓரத்தில் காலை நீட்டி இருந்தாள்.

"அந்த அவிச்ச கத்தரிக்கோல எடுங்க அக்கா" என்றாள் என்னைப் பார்த்து. "வாடியில ரெண்டு நாளும் சுட்ட மீன்தான், சோறு கண்ணால காணல்ல. அறுக்கிறபோது எனக்கும் சேத்து அறுங்க."